மெட்ராஸ் பட்டாளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரை அடுத்து கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், அல்லது இருந்து பென்ஷன் வாங்குவார். சுற்றுவட்டாரத்தில் 'ராணுவப்பேட்டை' என்று சொன்னால்தான் பலருக்கு வழி தெரியும். நான் அந்தப் பக்கத்து ஆள். அதனாலேயோ என்னவோ, மெட்ராஸ் ரெஜிமெண்ட் பற்றியும் தெற்கத்திச் சிப்பாய்கள் பற்றியும் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் தமிழர்களின் படையா?

இல்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் தென்னாட்டார் எல்லோரும் சேர்ந்த காலாட்படை அது. பயிற்சி மையம் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. அதிகாரிகள் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம். போர் முழக்கம் மட்டும் நம் காதுக்கு உடனே புரியும்: 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு'. பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரியும் இதைத்தான் கத்தியாக வேண்டும்.

அதே மாதிரி, தமிழர் என்றால் இந்த ரெஜிமெண்டில்தான் இருப்பார் என்பதும் கிடையாது. மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமெண்ட். கார்கிலில் இறந்த திருச்சி மேஜர் சரவணன் பீகார் ரெஜிமெண்ட். கல்வானில் இறந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி பீரங்கிப் படை.

இந்தப் படைக்கு வயது எத்தனை?

எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வழக்கமாகச் சொல்லும் ஆண்டு 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்துகொண்டிருந்தார். அதுவரை தனித்தனிச் சிறு பிரிவுகளாக, கையில் கிடைத்த ஆயுதத்தோடு இருந்த உள்ளூர்ச் சிப்பாய்களை அந்த டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி முறையான பட்டாலியன்களாக்கியது. அதற்குப் பத்து வருடம் முன்பே ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கில அதிகாரி கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார். இந்திய ராணுவத்தின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்வது இவரைத்தான்.

ஆனால் ரெஜிமெண்டின் 9வது பட்டாலியனைக் கேட்டால் 1704 என்பார்கள். அது திருவிதாங்கூர் மன்னரின் படையாக பத்மநாபபுரத்தில் தொடங்கியது. இந்தியாவோடு சமஸ்தானம் இணைந்தபின் படையும் ராணுவத்துக்குள் வந்தது. கம்பெனிக்காரன் திரட்டாத படை என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

இந்தப் படையின் பெரிய நாள் 1741 ஆகஸ்ட் 10. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில், மார்த்தாண்ட வர்மாவின் ஆட்கள் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார்கள். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் வென்றது ஒருபக்கம். அதன்பிறகு நடந்ததுதான் சுவாரசியம். சிறைபிடிக்கப்பட்டவர்களில் டி லனாய் என்றொரு அதிகாரி இருந்தார். மன்னர் அவரைக் கொல்லவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார். தோற்றவரே ஜெயித்தவர்களின் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, 'வலிய கப்பித்தான்' என்று பெயரெடுத்து, 1777இல் இங்கேயே செத்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் பொறித்தது. நாகர்கோவில் பக்கம் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

மருதநாயகம் இந்தப் படையைச் சேர்ந்தவரா?

ஆமாம், கம்பெனிச் சிப்பாய்ப் படையின் முதல் பெரிய பெயரே அவர்தான். ராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்து, மதம் மாறி முகமது யூசுப் கான் ஆனவர். சிப்பாயாகச் சேர்ந்து சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் தளபதியாக உயர்ந்தார். லாலியின் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்களின் உணவு வண்டிகளை வெளியிலிருந்து மறித்து அவர்களைப் பாடாய்ப்படுத்தியது அவர் படை. பிறகு மதுரையை நிர்வகிக்கப் போனார். ஆற்காட்டு நவாபோடு முட்டிக்கொண்டு, சொந்தக் கொடி ஏற்றினார். நீண்ட முற்றுகையிலும் மதுரைக் கோட்டை விழவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்று சொல்கிறோமே, அந்தக் கான்சா இந்தக் கான் சாகிபுதான்.

கும்பினிக்குக் கூலிக்குச் சண்டை போட்டவர்களை நம் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது?

அதிகம் வரும் கேள்வி. கோபத்தோடு வரும் கேள்வியும்கூட. நியாயமான கோபம்தான். பாளையக்காரர்களை அடக்கப் போன படையில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம், நம் ஆட்கள் நிறைய. அதை மறைத்து எழுதினால் அது வரலாறு இல்லை, விளம்பரம்.

என் கருத்தைச் சொல்கிறேன். அன்றைய சிப்பாய்க்கு 'இந்தியா' என்றொரு நாடு மனதில் இல்லை. மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. அது அப்போதைய நவாபுகளும் பாளையங்களும் கொடுக்காத ஒன்று. போனார்கள். அவர்களைத் தியாகிகள் என்று தூக்கிவைக்கவும் வேண்டாம், துரோகிகள் என்று திட்டவும் வேண்டாம். அப்புறம், அதே கும்பினிக்கு எதிராக முதலில் பெரிய அளவில் துப்பாக்கியைத் திருப்பியவர்களும் இந்தச் சிப்பாய்களே. அடுத்த கேள்வி அதுதான்.

1806 வேலூர்ப் புரட்சி, தொப்பிக்காக நடந்த கலவரம்தானே?

தொப்பி கடைசித் துளி. 1805 நவம்பரில் புது உத்தரவு ஒன்று வந்தது. பழைய தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த, தொப்பி போன்ற தலைப்பாகை. நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். இந்துவுக்கு மாட்டுத்தோல், முஸ்லிமுக்குப் பன்றித்தோல் என்ற பயம், இதற்குப் பின்னால் மதமாற்றம் வரும் என்ற பயம், இரண்டும் சேர்ந்துகொண்டன. முணுமுணுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. கோட்டைக்குள்ளேயே திப்புவின் பிள்ளைகளைக் காவலில் வைத்திருந்தார்கள்.

ஜூலை 10, விடிவதற்கு முன் இரண்டு மணியளவில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த 69வது ஆங்கில ரெஜிமெண்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மைசூர்ப் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர, காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பிடிபட்ட சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் சுமார் 350 சிப்பாய்கள் இறந்தார்கள்.

வேலூர்க்காரனாக எனக்கு உறுத்தும் ஒரு விவரம் உண்டு. கில்லஸ்பியோடு வந்தவர்களில் மெட்ராஸ் குதிரைப்படையினரும் இருந்தார்கள். அடக்கப்பட்டவனும் நம் ஆள், அடக்க வந்தவனிலும் நம் ஆள். கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. உத்தரவும் வாபஸ் ஆனது. 1857 சிப்பாய் எழுச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பு நடந்தது இது. அந்த அனுபவத்திலிருந்து கற்றிருந்தால் தோட்டாக் கொழுப்பில் கம்பெனி வழுக்கி விழுந்திருக்காது.

ரெஜிமெண்டின் சின்னத்தில் ஏன் யானை?

1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் அசாயே என்ற ஊர். ஆர்தர் வெல்லெஸ்லி தன்னைவிடப் பல மடங்கு பெரிய மராட்டியப் படையை எதிர்த்து ஜெயித்த சண்டை. அவரிடம் இருந்த காலாட்படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். பரிசாகக் கொடுத்த சின்னம் அந்த யானை. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இதே வெல்லெஸ்லி. நீலகிரி வெலிங்டனுக்கும் அவர் பெயர்தான். யானை அங்கே போய்ச் சேர்ந்தது பொருத்தம்.

தென்னிந்தியர்கள் 'போர் மரபினர்' இல்லை என்று பிரிட்டிஷார் சொன்னார்களாமே?

சொன்னது மட்டுமில்லை, அப்படியே நடத்தியும் காட்டினார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1857இல் வங்காளப் படை எழுந்தது. மெட்ராஸ் படை பெரும்பாலும் அமைதியாக இருந்தது. இதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வேலை போனது. எழுச்சியை அடக்க உதவிய பஞ்சாப், கூர்க்கா, பட்டாணிப் படைகள்மேல் லண்டனின் பார்வை திரும்பியது. ரஷ்யா ஆப்கானிஸ்தான் வழியாக வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. தெற்கிலோ பல பத்தாண்டுகளாகச் சண்டையே இல்லை. சண்டையில்லாத இடத்தில் படை துருப்பிடிக்கும். நல்ல அதிகாரிகள் வடக்கே போனார்கள், பதவி உயர்வு நின்றது. சேருகிறவர்களும் குறைந்தார்கள்.

அந்த நேரத்தில் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்தார் ராபர்ட்ஸ். பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதி ஆனார். தெற்கத்தியர்கள் வடக்கின் வீரர்களுக்கு ஈடாக மாட்டார்கள் என்பது அவர் முடிவு. சில இனங்கள் பிறவியிலேயே வீரர்கள், மற்றவை இல்லை என்ற கோட்பாடு அப்போதுதான் சட்டம்போல் ஆனது. மெட்ராஸ் பட்டாலியன்களுக்குப் பஞ்சாபிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1903இல் எண்கள் மாற்றப்பட்டபோது பல பழைய மெட்ராஸ் பட்டாலியன்களின் பெயர் 'பஞ்சாபிகள்' என்றே ஆகிவிட்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் செலவுக் குறைப்பு என்று மிச்சத்தையும் கலைத்தார்கள். 1920கள் முடிவதற்குள் மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்று நிலைப்படையில் இல்லாமலே போனது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. வடக்கில் ஆள் எடுத்து மாளவில்லை. 1940களின் தொடக்கத்தில் அதே மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி உருவாக்கினார்கள். பர்மாவில் ஜப்பானியரோடு சண்டை போட்டது. பதினைந்து வருடத்தில் ரத்தம் மாறிவிட்டதா? பட்ஜெட் மாறியது, தேவை மாறியது. அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது 'அந்தச் சாதி வீரச் சாதி, இந்த ஊர் வீர ஊர்' என்று ஆரம்பித்தால் எனக்கு ராபர்ட்ஸ் ஞாபகம்தான் வரும். எங்கள் ஊர்ப்பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் வானம் பார்த்த பூமியை நம்ப முடியாமல் போனவர்கள். போனபிறகு நன்றாகச் சண்டை போட்டார்கள்.

அப்படியானால் 'தம்பிகள்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பொறியியல் படை. 1780இல் தொடங்கியது, இப்போது பெங்களூருவில் இருக்கிறது. காலாட்படையைக் கலைத்தபோதும் இவர்கள்மேல் கைவைக்கவில்லை. பாலம் போடவும் சுரங்கம் வெட்டவும் ஆள் வேண்டுமே. கம்பிவேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற நீண்ட குழாய்வெடி 1912இல் இவர்களிடம் உருவானது. 1944இல் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் வேலியை உடைத்தது அதை வைத்துத்தான்.

உலகப் போர்களில் தமிழர்களின் பங்கு என்ன?

முதல் போரில் இந்தியா முழுவதிலும் இருந்து 13 லட்சம் பேர் போனார்கள், 74,000 பேர் திரும்பவில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்: இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. அதன் கீழே தக்காளி விற்கும் கூட்டத்தில் நின்று ஒருவரும் நிமிர்ந்து படிப்பதில்லை. நானும் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன்.

இரண்டாம் போரில் 25 லட்சம் பேர். ஒரே ஒருவரைச் சொல்கிறேன். சுபேதார் சுப்ரமணியன், பழைய செங்கல்பட்டு ஜில்லா ஒட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மினியானோ அருகே கண்ணிவெடி தேடும் குழுவில் இருந்தார். ஒரு வெடி கிளம்பியது. வெடிக்க ஒருசில நொடிதான். ஓடியிருக்கலாம். கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்தார். பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் மனைவிக்கு வந்தது.

நேதாஜியின் படையிலும் தமிழர்கள் இருந்தார்களே?

நிறைய. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943இல் தொடங்கிய ஜான்சி ராணி ரெஜிமெண்டுக்குத் தலைமை சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். துணைத் தலைமை மலேயாவின் ஜானகி தேவர். பின்னாளில் அவர் மலேசிய மேலவையில் உறுப்பினராக இருந்தார்.

ஒரே பர்மாப் போர்முனையில் இந்தப் பக்கம் மெட்ராஸ் ரெஜிமெண்ட், அந்தப் பக்கம் தோட்டத்துத் தமிழர்கள். யார் வீட்டுப் பையன் யாரைக் குறிபார்த்தான் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பரம்வீர் சக்ரா பெற்ற தமிழர் உண்டா?

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் வளர்ந்த தமிழர், சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் தேறி மகார் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணம் கந்தரோடையில் தேடுதல் முடித்துத் திரும்பும்போது விடுதலைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். மார்பில் குண்டு பாய்ந்தபின்னும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டார். வயது 41.

தமிழ் வாசகருக்கு இந்தப் பதில் இத்தோடு முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே இருபக்கமும் தமிழ் பேசியவர்கள் செத்தார்கள். இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அதே படையின் காலத்தில்தான், 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று படைகளை அனுப்பிய தரைப்படைத் தளபதி சுந்தர்ஜியும் செங்கல்பட்டில் பிறந்த தமிழர்தான். பரமேஸ்வரனின் வீரத்தை நான் குறைக்கமாட்டேன். மருத்துவமனையை மறக்கவும் மாட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

சமவெளி வெயிலில் வளர்ந்தவர்களை ஏன் சியாச்சினுக்கு அனுப்புகிறார்கள்?

எல்லா ரெஜிமெண்டும் முறைவைத்துப் போக வேண்டிய இடம் அது. 2016 பிப்ரவரி 3 அன்று சுமார் 19,600 அடி உயரத்துக் காவல்சாவடி ஒன்றின்மேல் பனிச்சுவர் சரிந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் 19வது மெட்ராஸ் பட்டாலியனோடு பணியில் இருந்தவர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று நால்வர் தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் கழித்துப் பனிக்கு அடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது. 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அங்கே பகைவனைவிடப் பனிதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது.

தமிழர் யாராவது தரைப்படைத் தளபதி ஆகியிருக்கிறார்களா?

திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்து ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த சுப்பராயனின் மகன். இரண்டாம் உலகப் போரில் எதிரிகளிடம் போர்க்கைதியாகவும் இருந்தவர். சுந்தர்ஜி 1986 முதல் 1988 வரை. மானெக்ஷா தமிழர் இல்லை என்றாலும், ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஊட்டியில் அடக்கம் செய்தார்கள். நீலகிரிக்காரர்கள் அவரை எங்கள் ஊர்க்காரர் என்றால் மறுத்துப் பேசாதீர்கள்.

'பட்டாளம்' தமிழ்ச் சொல்லா?

பட்டாலியன்தான் பட்டாளம் ஆனது. சிப்பாய் பாரசீகம். இவ்வளவு காலம் பட்டாளத்தான் என்று பெயரோடு ஒட்டிக்கொண்டபிறகு அது தமிழ்தான் என்பேன்.

நேரில் போய்ப் பார்க்க எவை உண்டு?

சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், காமராசர் சாலையில் போர் நினைவுச் சின்னம், நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நந்தம்பாக்கம் போங்கள். ஊருக்கு நடுவில் அப்படி ஓர் அமைதி. வேலூர்க் கோட்டையையும், ஊருக்குள் இருக்கும் 1806 நினைவுத் தூணையும் சொல்லவே வேண்டாம்.

எங்கள் தாத்தா பட்டாளத்தில் இருந்தாராம். விவரம் எப்படித் தேடுவது?

முதலில் வீட்டுப் பரணில் தேடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகமோ பதக்கமோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பதக்கத்தின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்துப் பதக்கங்கள் பலவற்றில் எண்ணும் பெயரும் படையும் அங்கே பொறித்திருக்கும். அந்த எண்தான் சாவி. எண் தெரிந்தால், காலாட்படை என்றால் வெலிங்டனுக்கும் சாப்பர் என்றால் பெங்களூருவுக்கும் ஆவணப் பிரிவுக்கு எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் மனு எழுத உதவுவார்கள்.

உலகப் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு எச்சரிக்கை: பெயர்களை எழுதியவர் ஆங்கில குமாஸ்தா. முனுசாமியை நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.